சூடு ஏறும் அழகு

வீட்டுக் கம்ப்யூட்டரின் வெப்பநிலையைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "சிபியு 70 டிகிரி காட்டுது, பரவாயில்லையா?" வேலை ஓடும்போது 70 என்றால் பரவாயில்லை. ஆனால் ரசிக்க வேண்டியது அந்த எண்ணை அல்ல, அது ஏறி இறங்கும் விதத்தை.

விண்டோஸ் என்றால் எச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸ் என்றால் எல்எம்-சென்சார்ஸ் போதும். கம்ப்யூட்டரைச் சும்மா விட்டுச் சிபியு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெரிய வீடியோவை வேறு ஃபார்மெட்டுக்கு மாற்றப் போட்டுவிட்டுத் திரையையே பாருங்கள். 42இல் இருந்தது ஒரே நொடியில் 60ஐத் தாண்டும். சிலிக்கான் துண்டு அவ்வளவு சிறியது, சூட்டைத் தேக்கி வைக்க அதில் இடமில்லை. அதன்பின் ஏற்றம் நிதானமாகிறது. இப்போது சூடாவது ஹீட் சிங்க். ஃபேன் சத்தம் கூடும். சில நிமிடங்களில் எண் ஓரிடத்தில் நிலைகொள்ளும். வேலையை நிறுத்தியதும் இதே இரண்டு கட்டங்கள் இறங்குமுகமாக வரும்: முதலில் சடாரென்று, பிறகு மெல்ல மெல்ல. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இந்த இறக்கம்தான்.

இந்த ஏற்ற இறக்கத்தில் கோளாறும் தெரியும். லோடு வந்ததுமே 95க்குப் பாய்ந்து, நிறுத்தியதும் உடனே பழைய நிலைக்கு வந்துவிட்டால், சூடு ஹீட் சிங்கைச் சென்று சேரவே இல்லை. தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம். நிலைகொள்ளாமல் ஏறிக்கொண்டே போய், இறங்கவும் நெடுநேரம் எடுத்தால், தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள்.

சென்சாரின் குணத்தையும் அறிந்திருக்க வேண்டும். இன்டெல் சிபியுவுக்குள் இருக்கும் சென்சார், உச்ச வரம்பை எட்ட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்கிறது. பல சிபியுக்களில் அந்த வரம்பு 100. அதிலிருந்து கழித்து வருவதே நாம் பார்க்கும் எண். வரம்பை நெருங்கும்போது நம்பலாம். குளிர்ந்திருக்கும்போது அவ்வளவு துல்லியம் கிடையாது. அறை 33 டிகிரியில் இருக்க, வெறும் ஃபேன் வைத்த சிபியு 29 காட்டினால் சென்சார்தான் தப்பு. மதர்போர்டு பட்டியலில் 127 என்றோ மைனஸிலோ அசையாமல் நிற்கும் வரி, பெரும்பாலும் எதிலும் இணைக்காத சென்சார்.

வோல்டேஜுக்கு இன்னும் கூடுதல் சந்தேகம் வேண்டும். மதர்போர்டில் அளக்கும் சில்லுக்கு 12 வோல்ட்டை நேரடியாகத் தாங்க முடியாது. ரெசிஸ்டர்கள் வைத்துக் குறைத்துத்தான் கொடுப்பார்கள். அந்த விகிதம் போர்டுக்குப் போர்டு மாறும். விகிதம் தெரியாத மென்பொருள் 12ஐ 8 என்று காட்டும். உண்மையிலேயே 8 என்றால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்காது. 12 வோல்ட் வரிக்கு ஏடிஎக்ஸ் தரநிலை நெடுங்காலம் அனுமதித்து வந்த எல்லை 5 சதவீதம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. அதற்கு வெளியே காட்டினால் பவர் சப்ளையை மாற்றக் கிளம்பும் முன், மஞ்சள் ஒயரையும் கறுப்பு ஒயரையும் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். லோடு வரும்போது சிபியு வோல்டேஜ் கொஞ்சம் இறங்குவது கோளாறு அல்ல, போர்டை வடிவமைத்ததே அப்படித்தான். எளிதாகச் சரிசெய்யக்கூடியது விபேட் என்ற வரி. அது பயாஸ் பேட்டரி. புதிதில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். 2.7க்குக் கீழே போய், கடிகாரமும் பின்தங்கினால், ஒரு சிஆர்2032 வாங்கிப் போடுங்கள்.