கணியனும் நாண்மீனும்

புறநானூற்றின் 192ஆம் பாட்டை அறியாத தமிழர் அரியர். அதனைப் பாடிய பூங்குன்றனாரின் பெயர்க்கு முன் 'கணியன்' என்னும் தொழிற்பெயர் நிற்றலை எண்ணிப் பார்த்தோர் அவரினும் அரியர். எண்ணினோர்க்கு ஓர் ஐயம் எழும். கணியன் என்பான் நாளும் மீனும் கண்டு பயன் கூறுவோன். தீதும் நன்றும் தத்தம்மிடத்தினின்றே வருவன என்பது அப்பாட்டின் கொள்கை. அங்ஙனமாயின் இவர் தம் தொழிலைத் தாமே மறுத்தனரோ? மறுத்தார் என்று பாராட்டுவாரும், பெயர் வேறு பாட்டு வேறு என்று அமைவாரும் உளர். சங்க காலத்து நாண்மீன் எதற்குப் பயன்பட்டது என்பதைத் தெளிந்தால் இவ்வையத்திற்கே இடமின்று என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாண்மீன் முறை

விண்ணில் திங்கள் செல்லும் நெறியை 27 சம கூறாகப் பகுத்து, அவ்வக் கூற்றிலுள்ள மீனின் பெயரை அதற்கு இட்டு வழங்கினர் முன்னோர். ஒரு கூறு 13 பாகை 20 கலை அளவினது. திங்கள் இந்நெறியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27 நாளும் 19 நாழிகையும் ஆகும். ஆதலின் நாளொன்றுக்கு ஒரு மீனாகத் திங்கள் தங்கிச் செல்வதாகக் கொண்டனர். நாள் என்னும் சொல்லே மீனையும் குறித்தமைக்குக் காரணம் இதுவே. வடமொழியில் தைத்திரீய சங்கிதை இம்மீன்களைக் கார்த்திகை முதலாக எண்ணுகின்றது. அதர்வ வேதம் அபிசித்தையுங் கூட்டி 28 என்னும். அசுவினி முதலாக எண்ணுதல் பிற்கால வழக்கு. ஒவ்வொரு மீனையும் நான்கு பாதமாக்கி, 108 பாதத்தையும் 12 இராசிக்கு ஒன்பது ஒன்பதாகப் பங்கிட்டு, பிறந்த மீனைக்கொண்டு வாழ்நாள் முழுமைக்கும் பலன் வகுத்தல் அதன்பின் வளர்ந்த சாதக நூலின் பாற்படும். காலம் அளத்தல், நல்ல பொழுது தேர்தல், ஊழ் உரைத்தல் என இவ்வாறு மூன்று பயன் நாண்மீனுக்கு அமைந்தன. மூன்றனையும் ஒன்றெனக் கொள்வதே மயக்கத்திற்கு வித்து.

தொல்காப்பியச் சான்று

எழுத்ததிகாரத்து உயிர்மயங்கியலில் நாட்பெயர்ப் புணர்ச்சி கூறப்படுகின்றது. மீனின் பெயர்முன் வினைச்சொல் வருங்கால் ஆன்சாரியை இடையே தோன்றும். திங்களின் பெயர்முன் இக்குச்சாரியை தோன்றும். ஒருவன் பரணியில் ஒன்றைக் கொண்டான் என்பதும், ஆடியில் கொண்டான் என்பதும் இவ்வகையான் அமையும் தொடர்கள். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், மீனின் பெயர் திங்களின் பெயரோடு ஒருங்கு வைத்து, வினை நிகழுங் காலத்தைக் குறிக்குஞ் சொல்லாகவே ஆளப்பட்டமையாம். தனியிலக்கணம் வேண்டுமளவிற்கு அவ்வழக்கு மிக்கிருந்தது.

களவியலில், மறைவொழுக்கத்தும் தலைவன் ஓரையையும் நாளையும் கைவிடான் என்னும் கருத்துடைய நூற்பா ஒன்றுண்டு. ஓரை கிரேக்கச் சொல்லின் வழிவந்தது எனக் கொண்டு தொல்காப்பியத்தின் காலத்தைப் பின்தள்ளினார் வையாபுரிப்பிள்ளை. அது தமிழ்ச்சொல்லே என மறுத்தாரும் பலர். அப்பூசலின் முடிவு எதுவாயினும், உடனின்ற 'நாள்' என்னும் சொல்லை நாம் மறத்தலாகாது. பொழுது தேரும் வழக்கம் இந்நூற்பாவால் பெறப்படுகின்றது; ஊழ் உரைக்கும் வழக்கம் பெறப்படவில்லை.

கூடலூர் கிழாரின் வானம்

கோச்சேரமான் யானைக்கட்சேஎய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் இறப்பைக் கூடலூர் கிழார் பாடிய 229ஆம் புறப்பாட்டு இவ்வாராய்ச்சிக்கு உயிர்நாடி போன்றது. பங்குனித் திங்களின் நள்ளிரவில் எரிமீன் ஒன்று விழக் கண்டு புலவரும் பிறரும் அஞ்சினர். ஏழாம் நாள் மன்னன் மாண்டான். எரிமீன் விழுந்த வேளையை மூன்று நாண்மீன்களின் நிலையால் வரையறுக்கின்றார் புலவர். பழைய உரைகாரர் கருத்துப்படி, உச்சியினின்று சாய்ந்தது உத்தரம். கிழக்கே எழுந்தது மூலம். மேற்கே தாழ்ந்தது மிருகசீரிடம்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். உத்தரம் 12ஆம் மீன், மூலம் 19ஆவது, மிருகசீரிடம் 5ஆவது. உத்தரத்திற்கு இருபாலும் ஏழேழு கூறு இடைவெளி. ஏழு கூறு 93 பாகை 20 கலையாகும். உச்சிக்கும் அடிவானுக்கும் உள்ள தொலைவோ 90 பாகை. எனவே ஒன்று உச்சியிற் சாயும்போது மற்றொன்று எழுதலும் பிறிதொன்று வீழ்தலும் இயல்பே. பங்குனியின் முழுமதி உத்தரத்தையொட்டி நிற்பதாகலின், அம்மீன் நள்ளிரவில் உச்சியடைதலும் பொருந்தும். இது கண்டறிந்து கூறிய காலக்கணக்கு, புனைந்துரையன்று.

புலவர் அஞ்சியது எரிமீனுக்கே, நாண்மீனுக்கு அன்று. ஒழுங்கின்றி விழுவது தீக்குறியாயிற்று. ஒழுங்கில் நிற்பன அது விழுந்த வேளையைக் காட்டும் கருவியாயின. ஒரே பாட்டினுள் இவ்விரண்டும் வேறு வேறாக நிற்றலைக் காணாது, இதனைச் சோதிடப் பாட்டு என்று மட்டும் கூறியமைதல் குறைபாடுடைத்து.

நன்னாள் நம்பிக்கை

இங்ஙனங் கூறுவதால் சங்கத் தமிழர்க்கு நன்னாள் நம்பிக்கை இல்லை என்பது எம் கருத்தன்று. விற்றூற்று மூதெயினனாரின் அகப்பாட்டில் (136) திங்கள் சகடத்தோடு, அஃதாவது உரோகிணியோடு, கூடிய வேளையில் திருமணம் நிகழ்கின்றது. சிலப்பதிகார மணமும் அத்தகையதே. ஆயினும் நாள் தீதாயினும் மலையமானைக் காணச் சென்றோர் வறிதே மீளார் என்கின்றார் கபிலர் (புறம். 124). பரிசில் பெறாதோர் நொந்துகொள்வது தாம் புறப்பட்ட பொழுதையும் புள்ளையுமே என ஓரிக்கு உரைக்கின்றார் கழைதின் யானையார் (புறம். 204). நாளின் ஆற்றலை இவர்கள் அறிவர்; அதனினும் கொடையின் ஆற்றலை மேலாக மதிப்பர்.

சிலம்பின் பெருங்கணி இருதொழிலும் உடையவன். படை எழுதற்குரிய பொழுது இது எனக் கால்கோட் காதையில் உரைப்பவன் அவன். வஞ்சி நீங்கி 32 திங்கள் ஆயின என நீர்ப்படைக் காதையில் எண்ணிச் சொல்பவனும் அவனே. எண்ணுதல் அடிப்படை, பொழுது தேர்தல் அதன் பயன். கணித்தல் என்னும் வினையும் இதற்கே சான்று பகரும்.

செட்டிநாட்டு வழக்கு

காலம் அளக்கும் இப்பழந்தொழில் பூங்குன்றனாரின் மண்ணில் இன்றும் மறையவில்லை. நகரத்தார் பெரிய கார்த்திகையினின்று நாளொன்றுக்கு ஓர் இழையாகப் புதுத்துணியினின்று நூல் எடுத்து வைத்து, 21 இழையாலான திரியை மாவாற் செய்த பிள்ளையாரில் ஏற்றி நோன்பு முடிப்பர். சட்டித் திதியும் சதயமும் கூடும் நாள் அதற்கு உரியது. ஏன் அந்நாள்? கார்த்திகை மூன்றாம் மீன், சதயம் 24ஆம் மீன், இடைவெளி 21. முழுமதியினின்று வளர்பிறைச் சட்டி வரையும் 21 திதியே. முழுமதியும் கார்த்திகையும் கூடிய வேளையினின்று எண்ணின், 21 திதி செல்ல ஏறத்தாழ 20 நாள் 40 நாழிகையும், 21 மீன் செல்ல 21 நாள் 15 நாழிகையும் ஆகும். வேறுபாடு 35 நாழிகையே. பிறையின் எண்ணும் மீனின் எண்ணும் இழையின் எண்ணும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நகரத்தாரும் பேணும் இந்நோன்பில் நாண்மீன் செய்யும் பணி, கூடலூர் கிழார் பாட்டிற் செய்த பணியே.

பூங்குன்றனார்

பூங்குன்றம் என்பது சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டியே என்பர். பண்டிதமணி கதிரேசன் செட்டியார் (1881-1953) பிறந்த ஊரும் அதுவே. அவ்வூர்க் கணியனார் பாட்டை இனி நோக்குவோம். அதில் வானம் உண்டு. அது மின்னி மழை பொழியும் வானம். மழை யாறாகின்றது, யாற்றில் புணை செல்கின்றது, உயிர் முறைவழிச் செல்லுதற்கு அப்புணை உவமையாகின்றது. ஒரு மீனேனும் அவ்வானத்தில் இல்லை. ஊழை இவர் மறுத்திலர். அதனைத் தெளிந்தது அறிவுடையோர் காட்சியால் என்கின்றார். கணித்துக் கண்டேன் என்றிலர். கணிக்க வல்லவர் அங்ஙனம் கூறாதொழிந்தமை பெரிதும் எண்ணத்தக்கது.

ஆதலின், பூங்குன்றனார் தம் தொழிலை மறுத்தார் என்றல் பொருந்தாது. காலத்தை அளத்தல் அவர் தொழில். வாழ்வின் பொறுப்பு மாந்தரிடத்தது என்பது அவர் தெளிவு. பிற்காலச் சாதக நூலின் கண்கொண்டு சங்கப் பாட்டை நோக்குவார்க்கே இவ்விரண்டும் முரணும். நாண்மீன் வடவர் தந்ததே என்பாரும் முற்றும் தமிழர் கண்டதே என்பாரும் வாதிடுமுன், அம்மீன் ஒவ்வொரு பாட்டிலும் அளவையாக நிற்கின்றதா, நன்னாளாக நிற்கின்றதா, ஊழாக நிற்கின்றதா எனத் தனித்தனியே பகுத்தறிதல் வேண்டும். நிகண்டுகள் தரும் மீன்பெயர்களையும் உரைகாரர் தரும் விளக்கங்களையும் அவ்வகையில் தொகுத்து ஆராய்தல் தமிழ் மாணவர் மேற்கொள்ளத்தக்க நற்பணியாம்.