கொட்டகையும் மாடியறையும்

ஓவியருக்கு வீட்டில் ஸ்டுடியோ அமைப்பது எப்படி என்று சொல்லும் குறிப்புகள் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் தருகின்றன. வடக்குப் பார்த்த பெரிய சன்னல், உயரமான கூரை, படத்தைச் சாய்த்து வைக்க அகன்ற சுவர், டர்பன்டைன் வாடை போக வழி, ஈரப்படங்கள் காய இடம். எல்லாம் தேவைதான். வடக்குச் சன்னலில் வெயில் நேரே விழாது. பொழுதுக்கும் வெளிச்சம் சீராக இருக்கும். ஆனால் இந்தப் பட்டியல் அந்த வீட்டில் ஒரே ஓர் ஓவியர் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. இருவர் இருந்தால்? அவர்கள் கணவனும் மனைவியும் என்றால்?

லீ கிராஸ்னரும் ஜாக்சன் பொலாக்கும் 1945 அக்டோபரில் மணந்துகொண்டு, அடுத்த மாதமே நியூயார்க் நகரை விட்டு லாங் ஐலண்டின் ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குக் குடிபோனார்கள். பழைய வீடு, உள்ளே குளியலறைகூட இல்லை. பின்புறம் ஒரு கொட்டகை. முதலில் பொலாக் மாடியிலிருந்த படுக்கையறையில் வரைந்தார். 1946இல் கொட்டகையை நகர்த்தி, சரிசெய்து, அவருடைய ஸ்டுடியோவாக்கினார்கள். உயரத்தில் வடக்குச் சன்னலும் வைத்தார்கள். பொலாக் காலிசெய்த மாடியறை கிராஸ்னருக்கு வந்தது.

கொட்டகைத் தரையில் துணியை விரித்து, சுற்றிச் சுற்றி நடந்து பொலாக் வண்ணத்தைச் சொட்டவிட்டார். கலை வரலாறு அந்த நடையைக் கொண்டாடுகிறது. அதே ஆண்டுகளில் மாடியறையில் கிராஸ்னர் வரைந்தவை 'லிட்டில் இமேஜ்' வரிசை ஓவியங்கள். பெரும்பாலானவை சிறியவை, 1947இல் வரைந்த 'நூன்' இரண்டடிக்கு இரண்டரை அடி. எழுத்துப் போலவும் எழுத்து அல்லாதது போலவும் நெருங்கிக் கிடக்கும் குறிகள். இவற்றைப் பார்த்துவிட்டுப் பெண்மனத்தின் நுணுக்கம், அடக்கம் என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் 1930களில் அமெரிக்க அரசின் கலைத் திட்டத்தில் சுவரோவியங்களில் வேலை செய்தவர் கிராஸ்னர். சுவரை நிரப்பத் தெரிந்த கை அது. பொலாக்கைப் பற்றி எழுதும்போது அறையை அளக்கிறோம். கிராஸ்னரிடம் வரும்போது மட்டும் மனத்தை அளக்கிறோம்.

இதை நான் விலகி நின்று சொல்லவில்லை. என் முதல் தொகுப்புக்கு வந்த மதிப்புரை, என் கவிதைகள் ஏழெட்டு வரிக்குள் முடிந்துவிடுவதைச் சொற்சிக்கனம் என்று பாராட்டியது. பெண்ணுக்கே உரிய நுண்மை என்றும் ஒரு வரி இருந்தது. வகுப்பில் சங்கக் கவிதையின் சுருக்கத்தைப் பாடமாக நடத்துகிறவள் என்பதால் எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கவிதைகளைச் சாப்பாட்டு மேசையில், விடைத்தாள் கட்டுகளுக்குப் பக்கத்தில், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் எழுதினேன். எட்டாவது வரி என் அழகியலில் நின்றதா, அடுப்பங்கரையில் நின்றதா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

1956 ஆகஸ்டில் பொலாக் கார் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு கிராஸ்னர் கொட்டகைக்கு மாறினார். துணியைச் சுவரில் அடித்து அவர் வரைந்த 'தி சீசன்ஸ்' ஏழே முக்கால் அடி உயரம், பதினேழு அடி அகலம். வீட்டின் நல்ல இடம் அவர் கைக்கு வர ஒரு சாவு தேவைப்பட்டிருக்கிறது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது; எழுதாமல் விட்டால் அந்த வீட்டின் கணக்கு நேராகாது.

இங்கே நான் எச்சரிக்கையாகவும் இருக்க வேண்டும். அறைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால் கிராஸ்னரின் கையை நானும் ஒருமுறை மறுத்தவளாவேன். தன் பழைய படங்களைக் கிழித்து ஒட்டிய கொலாஜ்களில் சில, 1955இலேயே, பொலாக் உயிரோடிருந்தபோதே, ஆறடியைத் தாண்டிவிட்டன. மாடியறைச் சிறு ஓவியங்கள் குறைபட்டவையும் அல்ல. அவற்றின் நெருக்கம் என்னை இன்னும் விடவில்லை. அவை சிறந்தவை என்பது ஒரு தீர்ப்பு. வேறு அளவில் வரையும் வாய்ப்பு அவருக்கு இருந்ததா என்பது இன்னொரு கேள்வி. விமர்சனம் இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

கொட்டகை கிடைத்த பிறகு நடந்ததும் பட்டியலுக்குள் அடங்கவில்லை. 1959 முதல் தூக்கம் வராமல் கிராஸ்னர் இரவுகளில் வரைந்தார். மின்விளக்கில் வண்ணங்களை நம்ப முடியாது என்பதால் பழுப்பையும் வெள்ளையையும் வைத்துக்கொண்டே பெரிய பெரிய படங்களை வரைந்தார். எல்லாரும் முதலிடம் தரும் வடக்குச் சன்னலுக்கு அந்த நேரத்தில் வேலையே இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது அகன்ற சுவரும், யாரும் கூப்பிடாத இரவும்தான்.

கிராஸ்னர் 1984இல் மறைந்தார். அந்த வீடு இப்போது பார்வையாளர்கள் வந்துபோகும் நினைவிடம். 1953இல் கொட்டகைத் தரையின் மேல் பதித்த பலகைகளை அவருக்குப் பிறகு பெயர்த்தபோது, அடியில் பொலாக்கின் வண்ணச் சிதறல்கள் அப்படியே இருந்தன. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து அந்தத் தரையைப் பார்க்கிறார்கள். கிராஸ்னரின் தூரிகை துணியின் விளிம்பைத் தாண்டிப்போன தடங்கள் சுவரில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத் தலையை நிமிர்த்த வேண்டும்.

எங்கள் வீட்டு பிளானிலும் 'ஸ்டடி' என்று ஓர் அறை இருந்தது. குடிவந்த மூன்றாம் மாதமே அரிசி மூட்டையும் இஸ்திரி மேசையும் அங்கே ஏறிவிட்டன. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. இந்தக் கட்டுரைக்காக மூட்டையைக் கூடத்துக்கு நகர்த்தினேன். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நாளை தச்சரை வரச் சொல்லியிருக்கிறேன். ஓவியருக்கான அந்தப் பட்டியலில், சன்னலுக்கும் முன்னால், அதைத்தான் முதலில் சேர்ப்பேன்.