நாலாவது குமிழ்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கிட்டார் கேட்க வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு சர்ச் பாடகர் குழுவின் பக்கம் போய் உட்கார்ந்தால் போதும். கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே, காலடியில் பெடல்களோடு ஒரு பையன் நிற்பான். அவற்றில் ட்ரெமலோ இருந்தால் எனக்குக் கொண்டாட்டம். சுருதியைத் தொடாமல் சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி அலையவிடும் பெட்டி அது.

1940-களில் வந்த டிஆர்மண்ட் ட்ரெமலோ பெட்டிக்குள் ஒரு மோட்டார், மின்சாரம் கடத்தும் திரவம் உள்ள சின்னக் குப்பியைக் குலுக்கிக்கொண்டே இருக்கும். திரவம் தளும்பித் தொடும்போதெல்லாம் கிட்டாரின் ஒலியில் ஒரு பங்கு தரைக்கு வடிந்துவிடும். கிட்டார் கலைஞர் போ டிட்லி 1955-ல் தன் பெயரிலேயே வெளியிட்ட பாட்டில் கேட்கும் நடுக்கம் இந்த வகைதான். ஆக, ட்ரெமலோ எதையும் கூட்டுவதில்லை. எடுப்பதும் விடுவதும்தான் அதன் வேலை.

வம்பும் அங்கேதான் தொடங்குகிறது. அலையின் முகடு பழைய சத்தத்தின் உயரம். மற்றதெல்லாம் அதற்குக் கீழே. சைன் வடிவ அலையை முழு ஆழத்துக்கு விட்டால், சராசரித் திறன் எட்டில் மூன்று பங்காகிவிடுகிறது, சுமார் 4.3 டெசிபல் நஷ்டம். காது ஒவ்வொரு நொடித்துளியையும் தனித்தனியாக நிறுப்பதில்லை, கொஞ்ச நேரத்துச் சத்தத்தைச் சேர்த்துத்தான் எடை போடுகிறது. அதனால் பெடலை மிதித்ததும் கிட்டார்காரர் இரண்டடி பின்னால் போய்விட்டது போலிருக்கும். பாஸ் டிஆர்-2 என்ற ட்ரெமலோ பெடலில் வேகம், அலை வடிவம், ஆழம் என்று மூன்றே குமிழ்கள். வேறு சில பெடல்களில் நாலாவதாக ஒரு வால்யூம் குமிழ் இருக்கும். நயமெல்லாம் அந்தக் குமிழில்தான்.

போன 4.3 டெசிபலை அப்படியே திருப்பிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. சராசரி பழைய இடத்துக்கு வரும். முகடுகளோ பழைய உயரத்தைத் தாண்டி எகிறி, ஆம்ப்ளிஃபயரைக் கரகரக்க வைக்கும். வேகத்தையும் பார்க்க வேண்டும். நொடிக்கு இரண்டு என்று நிதானமாக அலைந்தால் காது முகட்டையே பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் ஏற்றினால் போதும். நொடிக்கு நாலு வாக்கில் ஏற்ற இறக்கம் மிகத் துலக்கமாகக் கேட்கும். மனிதப் பேச்சின் அசைகளும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் வந்து விழுகின்றன. அந்த நடையில் ட்ரெமலோ ஏதோ சொல்ல வருவதுபோல் எனக்குத் தோன்றுவது அதனால்தானோ என்னவோ.

இதே மாவட்டத்தில் கோயில் கொடை நாளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இந்தக் குமிழ் புதிதல்ல. உடுக்கைக்காரரின் இடது கை, இடுப்புக் கயிற்றை அமுக்கியும் தளர்த்தியும் ஓசையை நெளியவிடும். அது சுருதியையும் சேர்த்து அசைக்கும் என்பதால் சுத்த ட்ரெமலோ அல்ல, இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வலது கை. பாட்டை நடத்தும் அண்ணாவி வசனத்துக்கு வந்ததும் அந்த விரல்கள் தோலை வருடுகிற அளவுக்கு இறங்கிவிடும். வாக்கியம் முடிந்து பக்கத்துணை “ஆமா” போட்டதும் உடுக்கையும் வில்மணியும் குடமும் ஒன்றாக எழும். ஏறியது எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. வசனத்தில் ஒரு சொல்லும் மூழ்கவில்லை.

அதே வில்லுப்பாட்டை வானொலியில் சன்னமாக வைத்துக் கேட்டுப் பாருங்கள். முதலில் காணாமல் போவது குடம். மணியோசை மட்டும் மிச்சம் நிற்கும். சத்தம் தாழத் தாழக் காது கீழ்ச்சுருதியை முதலில் கைவிடுகிறது என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே வரைபடமாகப் போட்டுவிட்டார்கள்.

வீட்டில் தனியாக, மெல்லிய சத்தத்தில் பார்த்துப் பார்த்து வைத்த நாலாவது குமிழும் இதேபோல் சர்ச்சில் ஏமாற்றும், காரணம் மட்டும் வேறு. அங்கே அலையின் பள்ளங்களை டிரம்ஸும் கீபோர்டும் நிரப்பிவிடும். வெளியே தெரிவது முகடுகள் மட்டும். அறையில் அழகாக நீந்திய ஒலி துண்டு துண்டாக, இளைத்துக் கேட்கும். ஆழத்தைச் சற்றே குறைத்து, வால்யூமை ஒரு மயிரிழை ஏற்றினால் சரிப்படும். ஆனால் அதை ஒத்திகையில், எல்லோரும் சேர்ந்து பாடும்போதே குனிந்து திருக வேண்டும்.