கோ கம்பைலரின் இண்டெக்ஸ்: படிப்பது வேகம், எழுதுவது?

கோ 1.11 (2018) வெளியீட்டுக் குறிப்பில் புதிய எக்ஸ்போர்ட் டேட்டா வடிவத்துக்குக் கிடைத்த இடம் ரெண்டு மூணு வரிதான். பயனருக்கு வித்தியாசம் தெரியாது, பெரிய ப்ராஜெக்ட்களில் பில்ட் வேகமாகும், அவ்வளவுதான். ஒரு நல்ல யோசனையும் அதோட குறையும் அந்த அடக்கத்தில் சேர்ந்தே மறைஞ்சுபோச்சு.

ஒரு பேக்கேஜை இம்போர்ட் பண்ணும்போது கோ கம்பைலர் அதன் சோர்ஸைப் படிப்பதில்லை. ஏற்கெனவே கம்பைல் ஆன ஃபைலில் இருக்கும் டைப், ஃபங்ஷன் விவரங்களை எடுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் ஒரே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் அந்த விவரம் முழுசையும் படிச்சாகணும். 1.11 ஒரு இண்டெக்ஸ் வைத்தது: எந்தப் பெயர், ஃபைலில் எந்த இடத்தில். பெயர் தேவைப்பட்டால்தான் அந்த இடத்துக்குப் போகும். வேகம் வந்தது படிக்காமல் விட்டதால். இதில் எனக்குக் குறை இல்லை.

ஆனா ஃபைலுக்குள்ள என்ன இருக்கு? நெட்/எச்டிடிபி பேக்கேஜின் ரிக்வெஸ்ட் டைப்பை எடுத்துக்குங்க. அதில் டிஎல்எஸ் இணைப்பின் நிலை ஒரு ஃபீல்டு. அந்த நிலைக்குள் எக்ஸ்.509 சான்றிதழ்கள். உங்க பேக்கேஜ் ஒரு ஹேண்ட்லரை வெளியே காட்டினாலே போதும், சான்றிதழ் டைப்பின் விவரம் வரைக்கும் அதன் ஃபைலில் நகலாகும். ஐம்பது பேக்கேஜில் ஹேண்ட்லர் இருந்தால் ஐம்பது நகல். படிக்கும்போது தாண்டிப் போகலாம். எழுதும்போது தாண்ட வழியில்லை. போதாக்குறைக்கு, இண்டெக்ஸை மட்டும் முழுசாத்தான் படிக்கணும். நகல்களின் பெயர்களும் அதில் இருக்கும்.

கம்பைலர் பக்கமும் நியாயம் உண்டு. பேக்கேஜுக்கு ஒரு ப்ராசஸ், வேலை முடிஞ்சா போயிடும். நேரடி இம்போர்ட்களின் ஃபைல் மட்டும் போதும் என்பது பெரிய வசதி. சி++ ஹெடர்களோடு மல்லுக்கட்டினவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எடிட்டருக்குத் துணையான கோ-பிளீஸ் அப்படியில்லை, நாள்பூரா ஓடும். 2023-இல் அதன் 0.12 பதிப்பு நகல் எடுக்காத, ஆழமற்ற வடிவத்துக்கு மாறியது. வேற பேக்கேஜின் டைப் வந்தா, அந்தப் பேக்கேஜின் விவரத்தையே தேடிப் போகும். இண்டெக்ஸ் அங்கேயும் உண்டு.

டிபென்டென்சி வரைபடம் போடும் என் சின்ன டூல் நூத்துக்கணக்கான பேக்கேஜை ஒரே ப்ராசஸில் ஏத்துது. அதுக்கு கோ-பிளீஸ் வழியைத்தான் எடுத்திருக்கேன். கம்பைலர்கிட்ட கடன் வாங்கினது இண்டெக்ஸ் மட்டும்.