எந்த விமானம், எந்த நாள்?

மாடல் கண்காட்சிகளில் ஸ்பிட்ஃபயர் இல்லாத மேஜை அரிது. உள்ளங்கை அளவு விமானம். பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக அடித்த பெயின்ட். “என்ன நுணுக்கம்!” என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிடுகிறோம். போவதற்கு முன் செய்தவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “இது எந்த விமானம், எந்த நாள்?” விஷயம் தெரிந்தவர் என்றால் அவர் முகமே மலர்ந்துவிடும். போர் விமானத்துக்கு நிரந்தர நிறம் என்று ஒன்று கிடையாது. எதிரி மாறினால், களம் மாறினால், உத்தரவு மாறினால், அதன் நிறமும் மாறும். அந்த நிறத்தைத் தேடிப் பிடிப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி உழைப்பு இருக்கிறது. பார்ப்பவருக்கான ருசியும் அங்கேதான்.

அடிப்பக்கத்தில் தொடங்குங்கள்

இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் விமானம் என்றால், முதலில் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். போரின் தொடக்கத்தில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களின் இடது இறக்கைக்கு அடியில் கறுப்பு, வலது இறக்கைக்கு அடியில் வெள்ளை. தரையில் இருக்கும் பீரங்கிக்காரர்கள் சொந்த விமானத்தையே சுட்டுவிடக் கூடாதே என்ற பயம். 1940 ஜூனில் அதை விட்டுவிட்டு, ‘ஸ்கை’ என்ற வெளிர் பச்சைச் சாயலுக்கு மாறச் சொன்னார்கள். உத்தரவு வந்த வேகத்தில் பெயின்ட் வரவில்லை. சில படைப்பிரிவுகள் கையில் கிடைத்ததைக் கலந்து அடித்துக்கொண்டன. அதனால் அந்த மாதங்களின் விமானம் ஒன்றுக்கு அடிப்பக்கம் நீலம் ஓடியிருந்தால் உடனே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

1941 ஆகஸ்டில் மேற்பக்கத்தின் முறை. சண்டை இங்கிலாந்தின் வயல்களை விட்டுக் கடலுக்கு மேலே நகர்ந்திருந்தது. மண் பழுப்பு போய் ‘ஓஷன் கிரே’ என்ற சாம்பல் வந்தது. புதுப் பெயின்ட் கைக்கு வரும்வரை, ஏழு பங்கு வெளிர் சாம்பலில் ஒரு பங்கு கறுப்பைக் கலந்து சமாளித்தார்கள். பச்சையோடு பழுப்பா, பச்சையோடு சாம்பலா என்று பார்த்தாலே காலம் பிடிபட்டுவிடும்.

எழுத்து மாறும், எண் மாறாது

பக்கவாட்டில் பெரிதாக இருக்கும் எழுத்துகள் படைப்பிரிவைக் குறிப்பவை. ‘மெட்ராஸ் பிரெசிடென்சி’ என்ற பெயர் பெற்ற 234ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்பிட்ஃபயர்களில் ‘ஏ இசட்’ என்று இருக்கும். விங் கமாண்டர்களுக்கு மட்டும் சொந்த இனிஷியலைப் போட்டுக்கொள்ளும் சலுகை உண்டு. ஜானி ஜான்சன் 1943இல் ஓட்டிய ஸ்பிட்ஃபயரில் ‘ஜே இ ஜே’. விமானம் வேறு பிரிவுக்குப் போனால் இந்த எழுத்துகள் அழிந்து புதியவை வரும். வால் பக்கம் சிறிதாக எழுதியிருக்கும் தொடர் எண் மாறாது. ஆராய்ச்சி செய்பவர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் ஆவணங்களுக்குள் இறங்குகிறார். எண்ணும் எழுத்தும் ஒரே காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்பது நல்ல மாடலுக்கு முதல் சோதனை.

கறுப்பு வெள்ளைப் படத்தை நம்பலாமா?

பெரும்பாலான சான்றுகள் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். நம் வீட்டுப் பழைய கல்யாணப் படத்தில் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை கறுப்பாக விழுந்திருப்பதைப் போல, இங்கேயும் ஃபிலிம் ஏமாற்றும். அன்று புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் இருண்டு போகும், நீலம் வெளுத்துவிடும். பான்குரோமாட்டிக் ஃபிலிமில் மஞ்சள் வெளிச்சமாக வரும்.

இதற்கு ஒரு வழி உண்டு. தெரிந்த நிறத்தை முதலில் பார்ப்பது. 1940 மே முதல் பிரிட்டிஷ் விமானங்களின் பக்கவாட்டு வட்டச் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தது. படத்தில் அந்த வளையம் கறுப்பாகத் தெரிந்தால் ஃபிலிம் எது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் தெரியாத நிறத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நேர்கோடு என்றால் சந்தேகப்படுங்கள்

1944 ஜூன் 6 நார்மண்டித் தரையிறக்கத்துக்காக நேச நாட்டு விமானங்களில் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு என்று ஐந்து பட்டைகள் அடித்தார்கள். ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையும் 18 அங்குலம். 1/72 ஸ்கேலில் அது கால் அங்குலம். ரகசியம் வெளியே போகக் கூடாது என்று ஜூன் 3, 4 தேதிகளில்தான் உத்தரவு போனது. தரைப் பணியாளர்கள் பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு அவசர அவசரமாக அடித்தார்கள். பல படங்களில் பட்டையின் ஓரம் நெளிந்து கிடப்பதைப் பார்க்கலாம். அடுத்த மாதமே மேற்பக்கப் பட்டைகளை அழிக்கத் தொடங்கினார்கள். ஆக, தரையிறங்கிய நாளின் விமானம் என்று சொல்லி, ஸ்கேல் வைத்து இழுத்தது போன்ற பட்டைகள் இருந்தால், படம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சிவப்பு எப்போது போனது?

1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் ஹரிக்கேன்கள் எழும்பின. அந்த ஹரிக்கேனை மாடலாகச் செய்பவர் வட்டச் சின்னத்தில் சிவப்பு வைக்க வேண்டும். ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வருகிறது என்று இந்தியா, பர்மா பகுதிகளில் பிரிட்டிஷார் நடுவிலிருந்த சிவப்பை எடுத்தது அதற்குப் பிறகுதான். நீலத்துக்குள் வெளிர் நீலமாக வரும் சின்னம் பர்மா வானத்தில் பிற்பாடு பறந்த விமானத்துக்கே பொருந்தும். கொழும்பு ஹரிக்கேனில் அதை ஒட்டினால், பெயின்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேதி தப்பு.

மியூசியமும் முடிந்த முடிவு அல்ல

நிஜ விமானமே நிற்கிறதே, அதைப் பார்த்து அடிக்கலாமே என்று தோன்றும். 1940இல் சண்டையிட்டு இன்றும் பறக்கும் ஸ்பிட்ஃபயர் பி 7350, பெரிய பராமரிப்புக்குப் போய் வரும்போது வெவ்வேறு விமானங்களின் அடையாளங்களைப் பூண்டு வருகிறது. இன்று அதில் தெரியும் பெயின்ட் அன்றைய பெயின்ட் அல்ல. மறுசீரமைப்பின்போது அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்து எழுதிய குறிப்பு கிடைத்தால் அதற்குத்தான் மதிப்பு.

கடைசியாக, இறக்கையின் முன்விளிம்பைப் பாருங்கள். ஸ்பிட்ஃபயரின் துப்பாக்கி வாய்களைச் சிவப்புத் துணி ஒட்டி மூடுவார்கள். ஈரமும் தூசியும் போகாமல் இருக்க. முதல் குண்டு துணியைக் கிழித்துக்கொண்டு போகும். துணி முழுசாக இருந்தால் விமானம் இன்னும் சுடவில்லை. கிழிந்து, இறக்கைக்கு அடியில் கரிக்கோடு ஓடினால் சண்டையிலிருந்து திரும்பியிருக்கிறது. துணி முழுசாக இருக்க, அடியில் கரி படிந்திருந்தால் செய்தவர் கதையைப் பாதியில் விட்டுவிட்டார்.

எனவே, கண்காட்சிக்குப் போனால் நிறம் சரியா, தப்பா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். சான்று எது என்று கேளுங்கள். “பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது” என்று பதில் வந்தால் கைவேலையைப் பாராட்டிவிட்டு நகரலாம். பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து நீட்டினால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.