மூன்று கேள்விகளும் கணக்கில் வராத உழைப்பும்

தனிநபர் நிதித் திட்டமிடல் இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் வரை படிக்கக்கூடிய ஒரு துறை. குடும்பம் எப்படிச் சேமிக்க வேண்டும், எவ்வளவு காப்பீடு எடுக்க வேண்டும், முதுமைக்கு எதில் முதலீடு செய்ய வேண்டும் என்பவை அதன் பாடங்கள். டெக்சாஸ் டெக், கன்சாஸ் ஸ்டேட் ஆகிய பல்கலைக்கழகங்கள் இதில் பெயர்பெற்றவை. இரண்டிலுமே இத்துறை வளர்ந்த இடம் ஒரு காலத்தில் மனையியல் கல்லூரி என்று அழைக்கப்பட்டது. கல்லூரிகளின் பெயர்கள் பிறகு மாறிவிட்டன. பெயரோடு சேர்ந்து அந்தத் தாய்வீட்டின் நினைவும் பாடத்திட்டத்திலிருந்து போய்விட்டது என்பதுதான் என் விமர்சனம்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் யார்? பொருளியல் துறைகள் பெண்களுக்கு வேலை கொடுக்கத் தயங்கிய காலத்தில், பொருளியல் படித்த பெண்கள் பலர் மனையியல் துறைகளில்தான் ஆசிரியர்களானார்கள். ஹேசல் கிர்க் 1923இல் நுகர்வு பற்றிய தம் நூலை வெளியிட்டார். சிகாகோவில் மனையியலும் பொருளியலும் கற்பித்தார். அவரிடம் ஆய்வு செய்த மார்கரெட் ரீட், 1934இல் வீட்டு உற்பத்தியின் பொருளியல் குறித்து எழுதினார். சமைப்பதும் துவைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் உற்பத்தியா என்று கேட்டு, அதற்கு எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தார்: ஒரு வேலையைக் கூலிக்கு வேறொருவரை அமர்த்திச் செய்விக்க முடியுமென்றால் அது உற்பத்தி. வீட்டில் சும்மா இருக்கிறாள் என்ற பேச்சுக்குப் பொருளியலின் மொழியிலேயே கிடைத்த பதில் அது.

குடும்பங்களின் வருமானத்தில் நிலையான பகுதியையும் ஏறி இறங்கும் பகுதியையும் பிரித்துப் பார்த்த ஆய்விலும் ரீடுக்குப் பங்குண்டு. அந்தச் சிந்தனையை வளர்த்தெடுத்த மில்டன் ஃபிரீட்மன், ஃபிராங்கோ மோடிகிலியானி இருவரும் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள். இளமையில் சேர்த்து முதுமையில் செலவழிப்பது என்ற வாழ்க்கைச் சுழற்சிக் கோட்பாடு இன்றைய நிதித் திட்டமிடல் வகுப்புகளின் அடித்தளம். மாணவிகளுக்கு மோடிகிலியானியைத் தெரிகிறது. ரீடைத் தெரிவதில்லை.

இப்போது இத்துறையில் அதிகம் பேசப்படுவது நிதி அறிவு. பேராசிரியர்கள் அன்னமரியா லூசார்டியும் ஒலிவியா மிச்செலும் வகுத்த மூன்று கேள்விகள் 2004 முதல் பல நாடுகளில் கேட்கப்படுகின்றன. நூறு டாலருக்கு ஆண்டுக்கு 2 சதவீத வட்டி என்றால் ஐந்தாண்டில் 102 டாலருக்கு மேல் இருக்குமா? வட்டி 1 சதவீதமும் விலைவாசி உயர்வு 2 சதவீதமும் என்றால் ஓராண்டு கழித்து அந்தப் பணத்தில் கூடுதலாக வாங்க முடியுமா, குறைவாகவா? ஒரே நிறுவனத்தின் பங்கை வாங்குவது மியூச்சுவல் ஃபண்டைவிடப் பாதுகாப்பானதா? நாடு நாடாக வரும் முடிவு ஒன்றுதான். பெண்கள் சரியாகச் சொல்வது குறைவு. "தெரியாது" என்று சொல்வது அதிகம்.

லூசார்டியும் சக ஆய்வாளர்களும் நெதர்லாந்தில் இதை மேலும் சோதித்தார்கள். அதே ஆட்களிடம், "தெரியாது" என்ற வாய்ப்பை எடுத்துவிட்டு மறுபடி கேட்டார்கள். பெண்கள் பலர் சரியான விடையைத் தேர்ந்தார்கள். ஆண் பெண் இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் தன்னம்பிக்கைக் குறைவு என்று கணித்தார்கள். நேர்மையான ஆய்வு. ஆனால் அதிலிருந்து எடுக்கப்படும் பாடம், பெண்களுக்குத் தன்னம்பிக்கையும் கற்றுக்கொடுங்கள் என்பது. முன்பு அறிவு போதவில்லை என்றார்கள், இப்போது துணிச்சலும் போதவில்லை என்கிறார்கள். திருத்தப்பட வேண்டியவள் அப்போதும் இப்போதும் பெண்தான். பணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "உனக்கென்ன தெரியும்" என்று கேட்டே வளர்ந்த ஒருத்தி "தெரியாது" என்று எழுதினால், அது அவளைப் பற்றிச் சொல்வதைவிட அவள் வளர்ந்த வீட்டைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

கற்றுக்கொடுத்தால் எல்லாம் மாறிவிடுமா? நிதிக் கல்வி பற்றிய 168 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வு, மக்களின் நிதி நடத்தையில் காணும் வேறுபாட்டில் வெறும் 0.1 சதவீதத்தைத்தான் அந்தக் கல்வி விளக்குகிறது என்றது. குறைந்த வருமானக்காரர்களிடம் விளைவு இன்னும் குறைவு.

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தைப் பாருங்கள். அதிகம் சம்பாதித்த 35 ஆண்டுகளின் சராசரியை வைத்துத் தொகை தீர்மானமாகிறது. 27 ஆண்டு வேலைக்குப் போய், எட்டு ஆண்டு குழந்தைகளையோ நோயுற்ற மாமியாரையோ பார்த்துக்கொண்டவளுக்கு அந்த எட்டும் பூஜ்யம். கணவரின் ஓய்வூதியத்தில் பாதி வரை மனைவி என்ற முறையில் பெறலாம். மணமுறிவு பெற்றவளுக்கோ மணவாழ்க்கை பத்தாண்டு நீடித்திருந்தால்தான் அதுவும். கூட்டு வட்டியைக் கரைத்துக் குடித்தவளாலும் அந்தப் பூஜ்யங்களை நிரப்ப முடியாது. ரீடின் அளவுகோலில் அவை உற்பத்தி ஆண்டுகள். அரசின் ஏட்டில் வெற்று ஆண்டுகள். இந்த முரண்தான் துறையின் மையக் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

நம் ஊரிலும் மனையியல் என்றால் சமையல் படிப்பு என்ற கேலி உண்டு. ஆனால் 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சவுதி அரேபியாவில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்துகள் தொடர்பான வழக்கில், வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் பங்களிப்பே என்று ஏற்றுச் சம பங்கு அளித்தது. இல்லத்தரசி செய்யும் வேலைகளைப் பட்டியலிட்டபோது, வரவு செலவைத் திட்டமிடும் மனைப் பொருளியலாளர் என்றும் அவளைக் குறிப்பிட்டது. நிதித் திட்டமிடல் பாடநூல் எழுதுகிறவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

இத்துறையில் ஆய்வு செய்யப்போகும் மாணவிகள் அந்த மூன்று கேள்விகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வட்டியும் பணவீக்கமும் தெரிந்திருப்பது நமக்கு நல்லதுதான். நான்காவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த வீட்டில் கூலியில்லாத வேலையை யார், நாளுக்கு எத்தனை மணிநேரம் செய்கிறார்? அதற்கு முதுமையில் அவருக்கு என்ன கிடைக்கும்? இதற்கு "தெரியாது" என்ற பதில் வந்தால், அதைப் பெண்ணின் மதிப்பெண்ணில் கழிக்காமல் துறையின் மதிப்பெண்ணில் கழியுங்கள்.