அளவுச் சங்கிலி போகாத இடம்

'நிலவுடைமைப் பாதுகாப்பு' என்பது உலக வங்கிச் சொல்லாடலின் செல்லச் சொல். ஹெர்னாண்டோ டி சோட்டோவின் 'மூலதனத்தின் மர்மம்' (2000) அதற்குக் கோட்பாட்டு மெருகு ஏற்றியது. ஏழைகளிடம் வீடுண்டு, மனையுண்டு. பத்திரம் இல்லாததால் அது செத்த மூலதனமாகக் கிடக்கிறது. பத்திரத்தைக் கொடு, உயிர் வந்துவிடும். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அளக்க வருகிறவர் எந்த இடத்தில் சங்கிலியைப் போடாமல் திரும்பிப் போகிறார் என்ற கேள்விக்கு இந்தக் கதையாடலுக்குள் இடமில்லை.

கம்போடியாவைப் பார்ப்போம். க்மெர் ரூஜ் ஆட்சியில் (1975-79) தனியுடைமை ஒழிந்தது, நிலப்பதிவேடுகளும் அழிந்தன. சட்டம் வருவதற்கு முன்பே ஐந்து வருஷம் தகராறில்லாமல் அனுபவித்து வந்தவர் உரிமை கோரலாம் என்றது 2001 நிலச்சட்டம். 2002இல் உலக வங்கிக் கடன், ஜெர்மனி, பின்லாந்து உதவியோடு பட்டா வழங்கும் திட்டம் தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேல் பட்டா கொடுத்தாச்சு. பொய்யில்லை. பெரும்பாலும் தகராறில்லாத கிராமப்புறங்களில்.

தலைநகர் புனோம் பென்னின் நடுவே பொயெங் காக் ஏரி. கரையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். திட்ட எல்லைக்குள் இருந்தும் அவர்களுடைய பாத்தியதை பதிவாகவில்லை. 2007 பிப்ரவரியில் 133 ஹெக்டேர் ஷுகாகு என்ற கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குப் போனது. அரசின் பொதுச் சொத்தை 15 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடச் சட்டம் இடம் தராது. அதனாலென்ன? 2008 ஆகஸ்டில் ஓர் ஆணை ஏரியை 'அரசின் தனிச் சொத்து' ஆக்கியது. மணல் கொட்டித் தூர்த்தார்கள்.

நம்மூர்ப் 'புறம்போக்கு' போலத்தான் இதுவும். நிலத்தின் வகையைச் சொல்வதாகப் பாவனை செய்தபடி, அங்கே குடியிருப்பவரைக் கணக்குக்கு வெளியே தள்ளுகிற சொல். கம்பெனிக்காக ஏரியின் வகையையே மாற்றத் தெரிந்த அரசுக்கு, கரைக்காரரின் ஐந்து வருஷ அனுபவம் மட்டும் கண்ணில் படவில்லை.

2009இல் மக்கள் வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள். அரசு திட்டத்தையே ரத்து செய்தது. 2011 ஆகஸ்டில் வங்கி புதிய கடன் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் 12.44 ஹெக்டேர் குடியிருப்போருக்கு ஒதுக்கப்பட்டது. அதற்குள் பெரும்பாலான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டுவிட்டன. விடுபட்டவர்களுக்காக நின்ற 13 பெண்கள் 2012இல் ஒரு மாதம் சிறையிலிருந்தார்கள்.

பட்டா வேண்டாம் என்று வாதிட வரவில்லை. பொயெங் காக் பெண்கள் கேட்டதும் பட்டாவைத்தான். ஆனால் பறிபோகிற அபாயம் குறைந்த நிலத்துக்கு முதலிலும், அபாயம் மிகுந்த நிலத்துக்குக் கடைசியிலும் வருகிற 'பாதுகாப்பு' யாருக்கானது? எத்தனை லட்சம் பட்டா என்று கணக்குக் காட்டும் அறிக்கைகளிடம், அளக்காமல் விட்ட இடங்களின் பட்டியலைக் கேட்போம். அரசியல் அந்தப் பட்டியலில் இருக்கிறது.